வெயிலில் வந்த வெள்ளம்

தோடு என்று அங்கே சொல்லும் ஓடையின் கரையில் நாட்டியிருந்த நீர்மட்ட அளவுக் கம்பத்தைத் தினமும் தேய்த்து விளக்க வேண்டுமென்று பகவதியம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் விடிந்ததும் ஒரு பிடி தேங்காய்ச் சவுரி நாரும் சிரட்டை நிறையச் சாம்பலும் எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கிவிடுவாள். கம்பத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளையும் அவற்றின்மேல் எழுதியிருந்த கறுப்பு எண்களையும், விசேஷத்துக்கு எடுத்த வெண்கலப் பானையைத் துலக்குவதுபோல, அடிமுதல் நுனிவரை தேய்த்துக் கழுவுவாள்.

கரமனையாற்றில் போய்ச் சேரும் அந்தத் தோட்டில் ஆராய்ச்சி நிலையத்தார் ஆங்காங்கே இப்படிக் கம்பங்கள் நாட்டியிருந்தார்கள். மழை பெய்யும் விதம் மாறிவிட்டது, ஒரு மாதத்து மழை ஒரு பிற்பகலில் கொட்டுகிறது, தோட்டோரத்தில் குடியிருப்பவர்கள் அதற்கு என்ன செய்ய முடியும் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. மற்றக் கம்பங்களில் பாசி ஏறி எண்கள் மறைந்துபோயின. இது ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது. நிலையத்துப் பொறியாளன் வினீத்துக்கு இதில் அளவற்ற மகிழ்ச்சி.

"சேச்சி கொள்ளாம் கேட்டோ," என்று அவன் தன் மலையாளத் தமிழில், தன்னுடன் வந்த நிலையத்து ஆராய்ச்சியாளர் ஸ்ரீப்ரியாவிடம் மெச்சினான். "அளவெடுக்குற ஜோலிய இவங்ககிட்டயே குடுக்கலாம். இத்தறை நீட்டா வேற ஆரும் பாக்கில்ல."

தன் மனைவி தேய்த்துக் கழுவுவது பாசியை அல்ல, மஞ்சளை என்பது பக்கத்தில் நின்ற தாணுலிங்கத்துக்குத் தெரியும்.

தோட்டோரத்து வீட்டு வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் அதற்கு மேற்கிலிருந்தும் ஓட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் அந்த மலையாள நகரத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள். ஊரை விட்டு வந்தபோது கொண்டுவந்தவற்றில் ஒரு கணக்கும் இருந்தது. வயது நிறையாமல், தண்ணீரிலோ தீயிலோ போன பெண் சும்மா போகமாட்டாள். இடம் கொடுக்காவிட்டால் அலைவாள். ஒரு பீடம் வைத்து மஞ்சளும் அரளிப்பூவும் கொடுத்தால் அலைந்தவளே காவல் நிற்பாள். தாணுலிங்கத்தின் மகள் இசக்கிசெல்வி போன படித்துறையிலேயே, கோயில் சுவரைப்போலச் செங்காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பூசிய ஒரு கம்பத்தை அரசாங்கச் செலவில் நாட்டினால் பெண்கள் அதை வேறெப்படி எடுத்துக்கொள்வார்கள்? செவ்வாயும் வெள்ளியும் அந்தி மயங்கும் வேளையில் யாராவது வந்து மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். காலையில் பகவதியம்மாள் அதைக் கழுவினாள். யாரையும் அவள் ஏசவில்லை. சாமியாக்க வேண்டுமானால் முதலில் செத்தவளாக்க வேண்டும். அதற்கு மட்டும் அவள் சம்மதிக்கவில்லை.

மூன்று துலாமாதங்களுக்கு முன்பு, அதாவது ஐப்பசி மழைக்காலத்தில், நடந்தது அது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. நல்ல வெயில். பாயில் காயப்போட்ட வடகத்தை எடுக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றாத வெயில். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த செல்வி கடைசிப் படியில் உட்கார்ந்து வெண்கல உருளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே வளைவில் மூங்கில்கள் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. படிகள் இருந்த இடம் தெரியவில்லை. உருளி, ஆறு திரும்புமிடத்தில் கிடைத்தது. செல்வி கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் ஒரு துளி மழை பெய்யவில்லை.

தாணுலிங்கம் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் வடை மாஸ்டர். பருப்பு அரைபடும் பதத்தைக் கல்லின் சத்தத்திலிருந்தே சொல்லிவிடுவார். சட்டியிலிருந்து எடுத்த வடையைச் சூடு ஆறுவதற்குள் ரசத்தில் போட வேண்டும். ஆறிய வடை ரசத்தைக் குடிக்காது, ரசத்தில் மிதக்கும் என்பது அவர் அடிக்கடி சொல்லும் நீதி. மாலையில் வடைப் பொட்டலமும் தூக்குப்போணியில் ரசமுமாக வீடு திரும்புவார். மகள் இருந்தபோதும் இதே பொட்டலம்தான். மனைவி இப்போதும் மூன்று கிண்ணங்கள் எடுத்து வைப்பாள். மூன்றாவதை மறுநாள் காலையில் எறும்பு மொய்த்த நிலையில் அவரே வெளியே கொட்டுவார்.

மகள் போன மூன்றாவது வருஷம், ஆடியாகிய கர்க்கடகம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. தோட்டுக்கரை வீடுகளைத் துலாமாதத்துக்கு முன்னால் காலி செய்ய வேண்டும். மூங்கோடு என்ற இடத்தில் நாலு மாடிக் கட்டடம் தயாராக இருக்கிறது. வீட்டுக்கு ஒரு சாவி.

வீடு போவதில் தாணுலிங்கத்துக்கு வருத்தமில்லை. அவருடைய பயமே வேறு. போன துலாத்தில் தண்ணீர் வாசலேறியபோது வரிசை முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடிற்று. பகவதியம்மாள் மட்டும் முட்டளவுத் தண்ணீரில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் பக்கத்து வீட்டுக் கொத்தனார் தாசையனும் சேர்ந்து அவளைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். "கதவப் பூட்டாதியோ, அவ வந்தா எங்க நிப்பா" என்று வழிநெடுக அலறினாள். இன்னொரு துலாத்தில் தூக்க ஆளிருக்குமோ இருக்காதோ. இந்த வீட்டில் இருந்தால் தண்ணீர் அவளையும் கொண்டுபோகும். அவள் அதற்குக் கதவைத் திறந்து வைத்திருப்பாள்.

"நான் வரல்ல," என்றாள் உத்தரவைக் கேட்டதும். "நீங்க போங்க. சாப்பாட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"ஏட்டி, வீட்ட இடிச்சுப் போடுவான் பாத்துக்கோ."

"இடிக்கட்டும். தாவாரம் இருக்கும்லா."

"நம்ம ஊர்ல சாமியக்கூட இடம் மாத்துவாவல்லா. பிடிமண் எடுத்துட்டுப் போனா கூட வந்துராதா? அந்தப் படியில இருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கிடுவோம்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பகவதியம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிடிமண்ணு சாமிக்கு எடுப்பாவ. எனக்க மவ சாமியா?"

அவர் தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குக் கிளம்பினார்.

*

நிலையத்தார் தாசையன் வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டிக் கூட்டம் போட்டார்கள். ஸ்ரீப்ரியா கரமனை அக்ரகாரத்துப் பெண். கையில் காகிதம் வைத்திருக்கும் பெண்களை அங்கே அழைக்கும் வழக்கப்படி எல்லாருக்கும் அவள் டீச்சர்.

"போன வெள்ளத்துக்குப் பொறவும் ரெண்டுபேரு வந்தாவ டீச்சரே," என்று தாசையன் தொடங்கினான். "செவுத்துல ஒரு கோடு போட்டாவ. பிள்ளைய எத்தன, கக்கூசு எங்கன்னு எல்லாம் கேட்டாவ. பொறவு ஆளக் காணல்ல. அது என்னவாச்சு?"

ஸ்ரீப்ரியா சொன்னாள்: "புஸ்தகமாச்சு."

"எங்க இருக்கு?"

"எங்க லைப்ரரியிலே."

"நனையாதுல்லா?"

"நனையாது. மூணாவது மாடி."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்; சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"மழைய அளந்தா மழை கொறையுமா?" என்றாள் ராஜபாய், கடைக்குப் பப்படம் போட்டு விற்பவள். "எங்க வீட்டு அரிசியத்தான் நான் அளக்கேன். கொறையத்தான் செய்யுது."

"கொறையாது அக்கா. அதனாலதான் இந்தத் தடவை நான் கேள்வி எழுதிண்டு வரலே. எதைத் தெரிஞ்சுக்கணும்னு நீங்க சொல்லுங்கோ, அதைத் தேடுவோம். கண்டுபிடிச்சதை முதல்ல இங்கே வந்து சொல்லுவேன். எங்க டைரக்டர்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் வந்திருக்கேனாக்கும்."

வெள்ளம் வருவதை முன்கூட்டி அறிய முடியுமா என்றான் தாசையன். வெள்ளத்தோடு வரும் பாம்புக்கு என்ன வழி என்றாள் ராஜபாய். பாம்பை அளக்கும் கம்பு தன் வீட்டில் உண்டு என்று யாரோ சொன்னான். பிறகு பேச்சு ஓய்ந்தது. ஓரத்தில் நின்ற பகவதியம்மாள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு இங்க வெயில் அடிச்சுது. வடகம் காஞ்சுது. எனக்க மவளக் கொண்டுபோன தண்ணி எந்தூருத் தண்ணி? அத எனக்குச் சொல்லணும்."

மகள் போய் மூன்று வருஷமாகியும் இந்தக் கேள்வி தன் மனத்தில் ஒருமுறைகூட எழவில்லையே என்று தாணுலிங்கம் நினைத்தார். தண்ணீர் வந்தது, மகள் போனாள். விதி என்று அவர் மூடிவைத்திருந்தார்.

"இதை முதல் கேள்வியா வெச்சுக்கட்டுமாம்மா?" என்று ஸ்ரீப்ரியா கேட்டாள்.

"கடைசியா வச்சாலும் போதும். பதில் வேணும்."

ஒரு வாரம் கழித்து ஸ்ரீப்ரியா ஓட்டலுக்கு வந்தபோது, தாணுலிங்கம் சட்டியை உதவியாளிடம் விட்டுவிட்டு ரசவடைக் கிண்ணத்தோடு அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"டீச்சர் ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா. செத்தவ செத்தாச்சு, வீட்ட விட்டு வான்னு சொல்லிருங்கோ."

"அது எனக்குத் தெரியாதே மாமா."

"தெரியாதா? மூணு வருசம் ஆச்சே!"

"தண்ணி எங்கேருந்து வந்ததுன்னு கேட்டா. அதைத் தேடிண்டிருக்கேன். கேட்டதுக்குப் பதில் சொல்லாம, கேக்காததுக்கு எப்படிச் சொல்லட்டும்?"

தாணுலிங்கம் அவள் கிண்ணத்தில் இன்னொரு வடையை வைத்தார். "படிச்சவங்க எல்லாம் கேக்காததுக்குத்தான் பதில் சொல்லுவாவ. நீங்க ஒரு தினுசா இருக்கியோ."

*

புரட்டாசியாகிய கன்னிமாதம் பிறந்தது. ஓட்டலுக்கு விடுமுறை விட்ட நாட்களில் தாணுலிங்கமும் ஸ்ரீப்ரியாவோடும் வினீத்தோடும் தோட்டை எதிர்த்து மேலே நடந்தார். வினீத்திடம் ஒரு பழைய நிலப்படமும் ஒரு புதிய படமும் இருந்தன. பழையதில் பச்சையாக இருந்த இடங்கள் புதியதில் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே முன்பு என்ன இருந்தது, எப்போது மண் அடித்து மூடினார்கள் என்று கேட்டார்கள். சிலர் சொன்னார்கள், சிலர் நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டார்கள். கழக்கூட்டம் பகுதியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததிலிருந்து மண் லாரி ஓடாத நாளில்லை என்றார் ஒரு டீக்கடைக்காரர். சொல்லிவிட்டு, லாரிக்காரர்கள்தான் தன் கடைக்கு வியாபாரம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

கடைசியில் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்றான் வினீத். மேலே மழை பெய்கிற நேரமாகப் பார்த்து, அங்கே தண்ணீரில் சாயத்தைக் கரைத்துவிடுவது. கீழே அது எப்போது வந்து சேருகிறது என்று பார்ப்பது. யாருக்கும் எதற்கும் கேடு செய்யாத சாயம். நிறம் மட்டும் சிவப்பு.

அந்தப் பிற்பகலில் வரிசையில் வெயில் அடித்தது. தெருமுக்குக் கடைப் போனுக்கு வினீத் கூப்பிட்டு, மூங்கோட்டில் மழை கொட்டுகிறது, சாயம் கலந்தாயிற்று என்றான். ஸ்ரீப்ரியா கடிகாரத்தோடு கம்பத்தருகே நின்றாள். பகவதியம்மாள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தாள். வரிசை முழுவதும் கரையில் கூடியிருந்தது. திருவிழா பார்க்க வந்ததுபோலத்தான் முதலில் பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள்.

வளைவில் சிவப்பு தெரிந்தது.

சிவப்பு ஓர் இழையாக வந்து, அகன்று, படித்துறை முழுவதையும் நிறைத்துக்கொண்டு கம்பத்தைச் சுற்றிச் சென்றது. தண்ணீர் ஒரு பட்டை ஏறிற்று. இரண்டாவது பட்டையும் மறைந்தது. ராஜபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பகவதியம்மாள் படியிறங்கினாள். தாணுலிங்கம் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் உதறவில்லை. குனிந்து மற்றக் கையால் தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். விரலிடுக்கு வழியாகச் சிவப்பு ஒழுகிற்று.

"இதுதான்," என்றாள். "இதே வரத்துதான்."

அடுப்பில் உலை இன்னும் கொதிக்கவில்லை.

மறுநாள் தார்ப்பாயின் கீழே ஸ்ரீப்ரியா பதிலைச் சொன்னாள். படத்தை விரித்தாள், பார்க்காமலே பேசினாள். "மூங்கோட்டிலே பெரிய ஏலா இருந்தது, ஒரே வயல். மலைப்பக்கத்து மழை எல்லாம் அந்த வயல்லதான் வந்து நிக்கும். வரப்பு வரப்பா இறங்கி இங்கே வரதுக்கு மறுநாள் ஆயிடும், வந்தாலும் தெரியாது. பாதி ஏலாவை மண்ணடிச்சு மூடிட்டா. நிக்க இடமில்லாம தண்ணி நேரே இங்கே வந்தது. மழையும் முன்னைப்போல இல்லே, மொத்தமா கொட்டறது. ரெண்டும் சேர்ந்துண்டது."

"எப்போ மூடினாவ?" என்றாள் பகவதியம்மாள்.

"செல்வி போன அதே வருஷம். மேடத்திலே, ஆறு மாசம் முன்னாடி."

"மூடின எடத்துல என்ன இருக்கு?"

ஸ்ரீப்ரியா வினீத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நிங்களுக்குத் தந்த ப்ளாட்டு, சேச்சி. அது அந்த மண்ணுலதான் நிக்குது."

தாசையன் எழுந்துவிட்டான். "கேட்டேரா மாஸ்டரே! கொன்னவனுக்க வீட்டுல போயி கெடக்கச் சொல்லுகானுவ. நான் போவ மாட்டேன். ஒருத்தனும் போவப்பிடாது." கூட்டம் அவன் பின்னால் இரைந்தது. சாவியைத் திருப்பி எறிய வேண்டும் என்றார்கள்.

இனி மனைவியைக் கிளப்ப எந்தத் தெய்வத்தாலும் ஆகாது என்று தாணுலிங்கத்துக்குப் பட்டது. உண்மையைத் தேடி நடந்த நாட்களில், உண்மை எந்தப் பக்கம் சாயும் என்று அவர் யோசிக்கவில்லை. டீச்சரிடம் ஒரு பொய்யைச் சொல்லச் சொல்லியிருக்கலாம் என்றுகூட நினைத்தார்.

"நமக்கு எத்தனாவது மாடி?" என்று பகவதியம்மாள் அவரைக் கேட்டாள்.

"மூணு."

"சன்னல் எந்தப் பக்கம்?"

போய்ப் பார்த்து வந்தவர் அவர்தான். "மிச்சம் கெடக்க வயப்பக்கம்."

அவள் படத்தில் மிஞ்சியிருந்த பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உலைக்கு அரிசி போட நேரமாகிவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள்: "போவோம். மவளக் கொண்டுபோன தண்ணி அங்கேருந்துதான் வந்திருக்கு. திரும்பி வந்தா அவளுக்குத் தெரிஞ்ச எடம் இப்போ அதுதான்."

ஸ்ரீப்ரியா படத்தைச் சுருட்டத் தொடங்கினாள். தான் கண்டுபிடித்த விடை இப்படி ஒரு வீட்டுக்குள் நுழையும் என்று அவள் படித்த எதிலும் சொல்லியிருக்கவில்லை.

பகவதியம்மாள் போனால் மற்றவர்கள் இருந்து என்ன பயன் என்று வரிசையும் தணிந்தது. ஆனால் சும்மா போகவில்லை. மிச்சமிருக்கும் ஏலாவில் இனி ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது என்று கேட்டார்கள். வினீத்தின் படங்களையும் தூக்கிக்கொண்டு ஆபீசு ஆபீசாக ஏறினார்கள். பார்க்கலாம் என்றார்கள் அதிகாரிகள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலையில் ஏலாவின் ஓரத்தில் மண் லாரி வந்து நின்றது. குடியேறி நாலு நாளாகவில்லை. கட்டடத்திலிருந்த அத்தனை பேரும் இறங்கிப் போய் முன்னால் நின்றார்கள்.

"நீயும் கொத்தன் தானேடே," என்று லாரிக்காரன் தாசையனைக் கேட்டான். "மண்ணு விழல்லேங்கி நினக்கு ஜோலி எவிடே?"

"அது எனக்க பாடு. வண்டியத் திருப்பு," என்றான் தாசையன். சொல்லிவிட்டு, திருப்ப இடம் போதாதபோது பின்னால் நின்று கை காட்டி உதவியும் செய்தான்.

வண்டி மறுபடி வரவில்லை. அப்புறம்தான் தடை உத்தரவு வந்தது. அதற்குள் தாசையனும் மற்றவர்களும் மிச்ச ஏலாவின் உடைந்த வரப்புகளை எடுத்துக் கட்டித் தண்ணீர் நிற்க இடம் செய்திருந்தார்கள்.

பழைய வீட்டை விட்டு வந்த அன்று காலையில் பகவதியம்மாள் கம்பத்தை விளக்கவில்லை. முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மஞ்சள் அப்படியே இருந்தது. ஓர் அரளிப்பூ எண்களை மறைத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியேறினாள். கதவைப் பூட்டும் வேலையைத் தாணுலிங்கம் செய்தார். அவள் தடுக்காதது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

*

துலாம் பதினைந்துக்குமேல் ஒரு பிற்பகலில் மழை தொடங்கியது. மூங்கோட்டு மலை மறைந்தது. பிறகு தென்னைகள் மறைந்தன. கட்டடமே ஓசையாக மாறிவிட்டதுபோல இருந்தது. ஓட்டலிலிருந்து குடை இருந்தும் நனைந்து வந்த தாணுலிங்கம், வடைப் பொட்டலத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வேட்டியைப் பிழிந்தார். பழைய வரிசைக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அங்கே தோடு கம்பத்தில் ஒரு பட்டைகூட ஏறவில்லை. ஏறாதது நல்லது என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தார்.

பகவதியம்மாள் ஜன்னலருகில் நின்றாள். கீழே ஏலா நிறைந்துகொண்டிருந்தது. வரப்புகள் ஒவ்வொன்றாக முங்கின. ஆனால் தண்ணீர் எங்கும் ஓடவில்லை, கிடந்தது. கட்டடத்தின் கடைசிப் படியில் வந்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"நிக்கு," என்றாள். "பாருங்க. ஓடாம நிக்கு."

"நிக்கட்டும்னுதானே இத்தர பாடுபட்டோம்," என்றார் தாணுலிங்கம்.

அவள் கொடியிலிருந்து உலர்ந்த துவர்த்துத் துண்டை எடுத்தாள். இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முன்பு செல்விக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அவள் அப்படித்தான் செய்வாள். போய்த் தெருமுக்கில் மகளுக்காக நிற்பாள்.

"எங்கட்டி போற, இந்த மழையில?"

"கீழ படி வரைக்கும்."

அவர் வாசலை மறித்து நின்றார். செத்தவ செத்தாச்சு என்ற வார்த்தை மூன்று வருஷமாக அவர் வாயில் கிடந்தது. டீச்சரைச் சொல்லச் சொன்னார். தாசையனைச் சொல்லச் சொன்னார். தாமே ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். அவள் முகத்தைப் பார்த்தார். திருவிழாவுக்குப் போகக் காத்திருப்பவள்போல இருந்தாள். கீழே கரண்டைக்கால் அளவுத் தண்ணீர், இழுப்பு இல்லை. ஏறி வரும்போது அவரே காலை வைத்துப் பார்த்திருந்தார். யாரையும் கொண்டுபோகிற தண்ணீர் அல்ல அது. கொண்டுவருகிற தண்ணீரா என்று எந்தக் கம்பத்தை நாட்டி அளப்பது?

தாணுலிங்கம் வாசலை விட்டு விலகினார். அவள் இரண்டு படி இறங்கியபின், கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குனிந்து சொன்னார்:

"அவ தலைய நல்லா துவத்திவிடு, கேட்டியா. ஒனக்கு எப்பவும் அவசரம். ஈரத்தோட விட்ருவ."